முன்யோசனை வீடு

எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்யோசனை வீடு. மதுரையை ஒட்டிய எங்கள் ஊர் கோச்சடையில் போய் இன்றைக்கும் அப்படிக் கேட்டால், வயதானவர்கள் யாராவது கையை நீட்டி வழி காட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், எதையும் தீர யோசித்துச் செய்கிற குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. எங்கள் அய்யாவை ஒரு ஆள் ஊர் பார்க்கக் கேவலப்படுத்திய அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனிமேலும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

முதலில் அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வாத்தியார் வேலை பார்த்தவன், வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் சுலபத்தில் விடமாட்டேன். முன்யோசனை என்பது எங்கள் ஜனங்கள் வாயில் புழங்குகிற வார்த்தையே அல்ல. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கிறவன், ஐப்பசி மழைக்கு முந்தியே கூரையைப் பிரித்து மேய்கிறவன், மகள் பிரசவத்துக்கு ஏழாம் மாசத்திலேயே பழந்துணியைத் துவைத்து மடித்து வைக்கிறவள், இவர்களில் ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்பார்கள். எதுக்கும் ஒரு படி சேர்த்துப் போடு, எதுக்கும் ஒரு கயிறு எடுத்துக்க. அதோடு சரி. முன்யோசனை என்பது தாலுகா ஆபீஸ் காகிதத்தில் வருகிற வார்த்தை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வரப்போகிறதைப் பற்றிய வார்த்தைதான், ஆனால் வந்து முடிந்த பிறகுதான் அதை வெளியே எடுப்பார்கள். அதுவும் 'இல்லை' என்று சேர்த்துத்தான் எடுப்பார்கள். மடை உடைந்து போன மறுநாள் வரப்பில் நின்றுகொண்டு சொல்கிற வார்த்தை. சொல்கிறவன் அந்த வேலையில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டிருக்கமாட்டான். அவனுக்கு வயிறு நிறைந்திருக்கும், வெற்றிலை போட நேரம் இருக்கும், அப்போதுதான் அது வாயில் வரும்.

எங்கள் அய்யாவிடம் அதைச் சொன்னவர் என் அக்காவின் மாமனார். பேரையூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிராம முன்சீப். தீர்வைக் காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய் வந்ததில் இப்படி நாலைந்து வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். முறைக்கு எனக்கு மாமா. அதனால் முன்சீப் மாமா என்றே எழுதுகிறேன். மரியாதை எழுத்தில்தான், மனசில் இல்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது யுத்தம் வருவதற்கு ஆறேழு வருஷம் முந்தி. நான் அப்போது பசுமலையில் வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் எங்கள் வீட்டில். மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பது எங்கள் வகையறா வழக்கம். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னதில் பத்துப் பேர் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது. முன்சீப் மாமா அறுபது பேர் என்று சொல்லிவிட்டார். அய்யா எதுக்கும் இருக்கட்டும் என்று நூறு பேருக்கு மேலேயே ஆக்கச் சொன்னார்.

வந்தது இருநூறுக்கு மேல். வண்டி வந்துகொண்டே இருந்தது. அவர்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் விளையும், நெல்லுச்சோறு என்றால் நாள் கிழமைக்குத்தான். ஆற்றுப்பாசன ஊரில் கல்யாணம் என்றதும் ஊரையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷர். வந்ததைக்கூட நான் குற்றம் சொல்லவில்லை. பசித்த ஜனம், சாப்பிட்டுப் போகட்டும். ஆனால் முதல் பந்தியில் உட்காரவேண்டிய சம்பந்தி, 'நம்ம ஆளுக முதல்ல சாப்பிடட்டும்' என்று சொல்லிக் கடைசிப் பந்திக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பந்தியோடு சோறு தீர்ந்துவிட்டது. நாலாவது பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது, சோற்றைக் காணோம். அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடி, அவரவர் வடித்து வைத்திருந்த சோற்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டுச் சோறு வெள்ளை, ஒரு வீட்டுச் சோறு சிவப்பு, ஒன்று குழைந்தது, ஒன்று விறைத்தது. எல்லாம் ஒரே இலையில் விழுந்தது. முன்சீப் மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அறுபதுன்னா அறுபதுக்கா ஆக்குவாக? முன்யோசனை இல்லாத வீட்ல பொண்ணெடுத்துட்டேன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பந்தல் அடங்கிப்போயிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

நீங்கள் சொன்னது அறுபதுதானே என்று அய்யா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புத்தான் சம்பந்தி" என்று கையைக் கூப்பினார். நான் கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வாளியாலேயே மனுஷர் மண்டையில் போட்டிருக்கலாம் என்று எத்தனையோ தடவை பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

அக்காவோடு ரெண்டு கறவை மாடுகளையும் சீதனமாக ஓட்டிவிட்டார் அய்யா. அவர்கள் போன பிறகு பந்தல் பிரிப்பதற்கு முன்னாலேயே பட்டப்பெயர் வந்துவிட்டது. எங்கள் ஊர் ஆட்களுக்கு யாராவது கீழே விழுந்தால் போதும். முன்யோசனை வயலில் மடை திறந்தாச்சா, முன்யோசனை மகன் பள்ளிக்கூடத்துக்குப் போறான் பாரு. பசுமலை வரைக்கும் அது என் பின்னால் வந்தது. அய்யாவை நேருக்கு நேரே கூப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக்கூடாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அக்காவுக்கு ஆறு வருஷம் பிள்ளை இல்லை. ரெண்டு தடவை அவளை வண்டியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ரெண்டு தடவையும் அய்யா அவளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஊர் எல்லையிலேயே நின்று, கெஞ்சி விட்டுவிட்டு வந்தார். அவர்கள் வீட்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை. அத்தான் நல்ல மனுஷர்தான், ஆனால் அப்பனுக்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டார். கடைசியில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பேரனை ஒரு தடவை தூக்கிப் பார்க்கவேண்டும் என்று அய்யா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் கொண்டுவந்து காட்டவில்லை. அந்த வருஷ ஐப்பசியிலேயே அய்யா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடைமழை. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் விறகெல்லாம் நனைந்து புகைந்ததே தவிரப் பற்றவில்லை. நான் கொள்ளியோடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்த முன்சீப் மாமா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "உசுரோட இருந்தப்பத்தான் இல்லை. சாவுக்குமா முன்யோசனை இல்லை." ரெண்டு பேர் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று அடக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு. எரியாத விறகுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் ஒரு முடிவு செய்தேன். இந்த ஆளை இதே வார்த்தையால், அன்றைக்கு மாதிரியே இலைக்கு முன்னால், தலைகுனிய வைக்கவில்லை என்றால் நான் எங்கள் அய்யாவுக்குப் பிறந்தவன் இல்லை.

ரெண்டு வருஷம் காத்திருந்தேன். கோபம் ஆறிவிடும் என்பார்கள், எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஜன்னல் ஓரம் நிற்கும்போதெல்லாம் அதே யோசனைதான். யுத்தம் முற்றி, பர்மா அரிசி வரத்து நின்று, மதுரைக்குள்ளேயே அரிசிக்கு ஜனம் வரிசையில் நிற்கிற காலம் வந்தது. அப்போதுதான் அக்கா மகனுக்குக் காதுகுத்து என்று வெற்றிலை பாக்கு வந்தது.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை வைத்துக் குத்தவேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், தன் ஆட்களோடு வரவேண்டும். அவன் ஆட்கள்தான் முதல் பந்தி. கலெக்டரே வந்திருந்தாலும் தாய்மாமன் ஆட்கள் எழுந்த பிறகுதான் அடுத்தவனுக்கு இலை. அந்த வழக்கத்தை மீறுகிற தைரியம் எந்த முன்சீப்புக்கும் கிடையாது. என் கையில் தானாக வந்து விழுந்தது பிடி.

வெற்றிலை பாக்குக் கொண்டுவந்தவர் எங்களுக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை. பிழைப்புக்காக அந்த ஊருக்குப் போய்ச் செக்கு போட்டு எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வீடு. தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எம்புட்டுப் பேரு வாரீக தம்பி? கணக்கைச் சரியாச் சொல்லிரு. முன்சீப் தாலுகா ஆபீஸ் ஆளுகளை எல்லாம் அழைச்சிருக்காக. அரிசி கெடக்கிற கெடையில, சோத்துப் பொறுப்பைப் பூராவும் தங்கச்சி தலையில போட்டுட்டாக. 'உன் தம்பி ஆளுகளுக்குப் பத்தாமப் போச்சுன்னா, அவன் வண்டியிலயே ஏறிப் போயிரு, பிள்ளை இங்கதான் இருக்கும்'னு தங்கச்சிகிட்ட வாய்விட்டே சொல்லிட்டாக."

கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. விழவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். சும்மா மிரட்டுகிறார், ஆண்பிள்ளை பெற்றுக் கொடுத்தவளை யார் அனுப்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மனுஷர் அனுப்பக்கூடியவர் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ரெண்டு தடவை அனுப்பியவர்தானே.

"முப்பது பேர் வாரோம் அண்ணே" என்றேன்.

"முப்பதா? அம்புட்டுத்தானா?"

"காலம் கெட்டுக் கெடக்குல்ல அண்ணே. யாரையும் கஷ்டப்படுத்தக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன். என் ஆயுசில் அம்புட்டு யோசித்து நான் வேறு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை. எங்கள் வகையறாவில் ஒரு வீடு விடாமல் அழைத்தேன். ஆற்றுக்கு அக்கரையில், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் வீட்டுக்கும் போய்ப் பாக்கு வைத்தேன். கறிச்சோறு என்று சொன்னேன், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள் என்று சொன்னேன். அரிசி கிடைக்காத காலம், யார் வேண்டாம் என்பார்கள். இருநூறைத் தாண்டியது. மொத்தமாகப் போனால் யாராவது முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவான் என்று, அஞ்சு வண்டி எனக்கும் சீருக்கும் சொன்ன முப்பது பேருக்கும், மற்ற இருபத்துச் சொச்சம் வண்டிகளும் ஒரு பொழுது பிந்திப் புறப்படவேண்டும் என்று ஏற்பாடு. வழியில் எல்லோரும் ராத்திரி கல்லுப்பட்டியில் தங்கவேண்டியது. காலையில் நான் முந்திப் போவேன், அவர்கள் வெயில் ஏறியதும் வரவேண்டும். எந்த வண்டிக்கு யார், எந்த மாடு நடைக்கு ஆகாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். குழம்பு பத்தவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம், சோற்றை அப்படிச் சமாளிக்க முடியாது. என் ஆட்கள் முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி எல்லாம் உட்கார்ந்து எழுந்தால், தாலுகா ஆபீஸ்காரர்கள் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது எழுந்து நின்று சொல்லவேண்டிய வார்த்தையை வண்டியில் போகும்போது எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ரெண்டு நாள் பயணம். காலையில் அஞ்சு வண்டியோடு நான் போய் இறங்கியபோது முன்சீப் மாமா வாசலுக்கு வந்து வண்டிகளை எண்ணினார். முகம் மலர்ந்துபோயிற்று. "வாங்க மாப்ள. சொன்னபடிக்கு வந்துட்டீக" என்று தோளைத் தட்டினார். அக்கா ஆரத்தி எடுத்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் தலைக்கு மேலாக, நான் வந்த பாதையைப் பார்த்தாள்.

ஊருக்கு வெளியே குலசாமி கோயில். மொட்டை அடித்து, குளிப்பாட்டி, சந்தனம் தடவி, பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை என் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதறினான். என் அய்யா தூக்கிப் பார்க்காத பிள்ளை. குனிந்து ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை, என் கண் பாதையில் இருந்தது. ரெண்டாவது காதைக் குத்தும்போது புழுதி தெரிந்தது.

வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். கிழவர்கள், பொம்பளைகள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகள். முன்சீப் மாமா முதலில் சிரித்துக்கொண்டே பார்த்தார். பத்தாவது வண்டிக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. தாலுகா ஆபீஸ்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்கப்போவதில்லை. தேன் குடித்த மாதிரி இருந்தது. இம்புட்டு வருஷம் நெஞ்சில் கிடந்த முள் கழன்று விழுந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வந்தவுகளைப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா. இலை போட்டாச்சு" என்றாள்.

முதல் பந்தி உட்கார்ந்தது. சோறு வந்தது. நெல்லுச்சோறு, வெள்ளைவெளேரென்று. ரெண்டாவது தடவையும் போட்டார்கள். நான் இலையில் கையை வைத்துக்கொண்டு வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு ஓரமாக உட்கார்ந்தும் எண்ணினேன். ரெண்டாம் பந்தி வந்தது, மூன்றாம் பந்தி வந்தது. ஓலைப்பாயில் குவித்திருந்த சோறு குறையக் குறையத் தெருவிலிருந்து இன்னொரு கொப்பரை வந்து கொட்டியது. என் ஆட்கள் போதும் போதும் என்று இலையை மறைத்தார்கள். தாலுகா ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் குறைவில்லை. அதற்கப்புறம் ஊர் உட்கார்ந்தது.

முன்சீப் மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. பந்திக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க. இன்னும் நூறு பேரு வந்தாலும் பரவாயில்லை. நம்ம வீட்ல எதுவும் முன்யோசனையோடதான் நடக்கும்" என்று தாலுகா ஆபீஸ்காரரிடம் சொன்னார். அது எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். அவருக்கே அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

எழுந்து கொப்பரை வந்த வழியே போனேன். செக்கு அண்ணன் வீட்டுக் கொல்லையில் மூன்று கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அங்கே வேர்வையில் நனைந்து நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் மற்ற பொம்பளைகளைப் பந்திக்கு அனுப்பினாள்.

"எப்படிக்கா?" என்றேன்.

"நீ முப்பதுன்னு சொல்லி விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. தாய்மாமன் சீருக்கு நம்ம வகையறாவுல முப்பது பேரோட எவன் போயிருக்கான்? நூறுன்னு சொல்லியிருந்தாலாச்சும் நம்பியிருப்பேன்."

இம்புட்டு யோசித்தவனுக்கு அது தோன்றவில்லை. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லவேண்டும் என்று தெரிந்தது, எவ்வளவு குறைத்தால் நம்புவார்கள் என்று தெரியவில்லை.

"நெல்லு ஏது?"

"அய்யா குடுத்த மாடுக. இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அதுக ரெண்டும்தான். குடுத்துட்டு நெல்லா வாங்கினேன். இங்க அண்ணன் வீட்டுல வச்சுக் குத்தினோம். மேய்ச்சலுக்குக் காட்டுல விட்டிருக்குன்னு மாமாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு செஞ்சது. நீ தின்னுட்டு வந்தியே, அந்தச் சோறு அதுகதான்."

"அய்யா பேரு கெட்டுப்போச்சேக்கா. அதுக்குத்தான்" என்று என்னவோ சொன்னேன்.

"பத்தாமப் போனா என்ன ஆகும்னு அண்ணன் உன்கிட்டச் சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு கட்டையை வெளியே இழுத்துப் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எம்பிள்ளையை இங்க விட்டுட்டு நான் உன் வண்டியில ஏறியிருக்கணும். அதுக்குத்தான தம்பி இம்புட்டு வண்டி கட்டிட்டு வந்த" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் ஆட்கள் முன்சீப் வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள். ஆற்றுப்பாசனத்தில்கூட இப்படி ஒரு விருந்து இல்லை என்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. எங்கள் ஊரில் பட்டப்பெயர் இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது, முன்சீப்புக்கு அவர் ஊரில் பேர் நாலு மடங்கு ஏறியது. அதையும் என் கையாலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முன்சீப் மாமா யுத்தம் முடிந்த மறுவருஷம் செத்தார். துக்கம் சொல்லி வந்தார்கள், நான் போகவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போதும் அந்தச் சுடுகாட்டுச் சிரிப்பை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் ஒரு கணக்கு எனக்கு இருந்தது. இனி அக்காவை மிரட்ட ஆள் இல்லை, வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்புவாள் என்று நினைத்தேன். கடுதாசி எழுதினேன். பதில் வரவில்லை.

அவளுக்கு ரெண்டாவதாக ஒரு பெண் பிறந்திருந்ததே எனக்கு வெகுகாலம் தெரியாது. ஒரு நாள் மதுரை வண்டிப்பேட்டையில் பேரையூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், வருகிற வெள்ளிக்கிழமை முன்சீப் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து என்று. எனக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. வழியில் தவறியிருக்கும், ஆள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன் என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டுப்பாவாடை, தோடு, ஒரு தட்டு பழம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்தத் தடவை நான் ஒருத்தன்தான்.

பஸ் பிந்திவிட்டது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காதுகுத்தி முடிந்திருந்தது. நாலு வயசுப் பெண், காதில் மஞ்சள் அப்பி, கண்ணெல்லாம் சிவந்து, செக்கு அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தது. தாய்மாமனுக்குப் போடுகிற மாலை அவர் கழுத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். அக்கா "நீங்க உக்காருங்க அண்ணே" என்றாள்.

தட்டோடு நின்றேன். "ஏங்க்கா எனக்குச் சொல்லி விடலை?" என்றேன். நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீ அய்யாவுக்காக வந்த. அம்புட்டு வண்டியில ஒண்ணுகூட எனக்குன்னு வரலை. எம்மகளுக்காச்சும் அவளுக்குன்னு வர்ற ஆளு வேணும்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் மனசில் கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. தட்டை வாங்கிப் பக்கத்திலிருந்த பொம்பளையிடம் கொடுத்து, வந்த சீர்களோடு வைக்கச் சொன்னாள். "பந்தி நடக்குது, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

பெண் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே எங்கள் அய்யா. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது.

"ஆரும்மா இது?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"கோச்சடைக்காரவுக. கும்பிட்டுக்க" என்றாள்.

அது ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது.